முருங்கையிலை முடியும்வரை

“கதிரை இருக்கு, ஃபேன் பூட்டியாச்சு, கூட்டிவர வானும் இருக்கு. ஆட்கள் மட்டும் ஏன் அக்கா வருகினம் இல்லை?”

கேட்டவர் அருள்நேசன். கொன்றைக்குளம் மனநல நிலையத்துக்குத் தலைவராகி நாலு மாதம்.

தேங்காய் துருவிக்கொண்டே காது கொடுத்தவர் பவளராணி. அருள்நேசனைவிடப் பதினாலு வயது இளையவர். ஊரே அக்கா என்று கூப்பிடுவதால் அருள்நேசனுக்கும் அக்காதான். அவரோ இவரை அண்ணை என்பார். ஒருவரையொருவர் பெரியவராக்கி வைத்திருந்ததில் வேலை சுகமாக நடந்தது.

ஒன்பது வருடம் பவளராணிதான் தலைவர். மூன்றாவது பிள்ளை பிறந்ததும் கதிரையை அருள்நேசனிடம் கொடுத்துவிட்டு, கூடுகைக்குச் சிற்றுண்டி செய்து தேத்தண்ணி ஊற்ற மட்டும் வந்துகொண்டிருந்தார்.

வியாழக்கிழமைதான் கூடுகை. சண்டையில் ஆளை இழந்த பெண்கள், பிடித்துக்கொண்டு போன ஆள் இன்னும் திரும்பாதவர்கள், வட்டமாக இருந்து கதைப்பார்கள். அழுவார்கள். சில வியாழன் சிரித்துவிட்டும் போவார்கள்.

முன்பு முப்பது பேர் வருவார்கள். போன வியாழன் இரண்டு பேர். அதிலும் ஒருத்தி தன் ஆட்டைத் தேடி வந்தவள்.

இந்த மாதம் முடியும்வரை பார்ப்போம், ஆள் வராவிட்டால் நிலையத்தைப் பட்டணத்துக்கு மாற்றுவோம் என்று நிர்வாகத்தில் சொல்லிவிட்டார்கள். பட்டணம் முப்பது மைல். இந்தப் பெண்களில் ஒருத்திகூட அங்கே போகமாட்டாள்.

“வான் என்ன நிறம், அண்ணை?”

“எனக்குத் தெரியாதோ அக்கா? வெள்ளை வான் வந்து ஆளைத் தூக்கிக்கொண்டு போன காலத்தை நானும் பார்த்தனான். இது வந்த அண்டைக்கே நீலம் அடிச்சுப்போட்டன். பக்கத்தில சூரியகாந்திப் பூவும் கீறியிருக்கு.”

“வடிவான பூ,” என்றார் பவளராணி. உண்மையாகவே சொன்னார்.

அருள்நேசன் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தார். பத்து மணிக்கு வான் வீட்டு வாசலுக்கே போகிறது. சாரதி இறங்கிக் கதவைத் திறந்துவிட்டுக் காத்து நிற்கிறார். பெண்கள் வந்து கும்பிடுகிறார்கள். தலையிடி என்கிறார்கள், பிள்ளைக்குக் காய்ச்சல் என்கிறார்கள். குறை சொன்ன வீடு ஒன்றுமில்லை. நன்றி சொல்லாத வீடும் இல்லை.

பவளராணி கையைக் கழுவிவிட்டு வந்து, தன் சைக்கிள் பூட்டின் திறப்பை அவர் கையில் வைத்தார்.

“நாளைக்கு வியாழன். காலமை தங்கமலர் வீட்டை போங்கோ. குசினிக்குள்ள இருந்து முருங்கையிலை ஆய்ஞ்சு குடுங்கோ.”

“என்ன கேக்கிறது?”

“ஒண்டும் கேக்காதேங்கோ.”

“எவ்வளவு நேரம்?”

“இலை முடியும்வரை.”

“அப்ப வான்?”

“அது வழமைபோல வரட்டும்.”

மறுநாள் காலை அருள்நேசன் சைக்கிளில் போனார். முழங்கால் இரண்டும் ஹாண்டிலில் இடித்தன. கொன்றைக்குளத்து நாய்கள் ஒன்றுவிடாமல் கூடவே வந்தன.

தங்கமலரின் கணவனை வீட்டில் வைத்துத்தான் பிடித்துக்கொண்டு போனார்கள். பதினாறு வருடமாகிறது. தலைவர் சைக்கிளில் வந்திறங்கிய கோலத்தைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பலகை போட்டு, முருங்கைக் கொப்பையும் சுளகையும் முன்னால் வைத்தாள்.

அவர் ஆய்ந்ததில் இலை பாதி, காம்பு பாதி.

“ஐயா, கந்தோரில கடுதாசியளையும் இப்பிடித்தான் பாஸ் பண்ணுறனீங்களோ?”

அவருக்கும் சிரிப்பு வந்தது. கிணற்றுத் தண்ணீர் உப்பாகிவிட்டதைச் சொன்னாள். மகள் தையல் பழகுவதைச் சொன்னாள். நடுவில் இரண்டு தரம், ஏன் கூடுகைக்கு வருவதில்லை என்ற கேள்வி அவர் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டார்.

பத்து மணிக்கு ஒழுங்கையில் வான் வந்தது. நேரம் தவறாமல் வருகிறது என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட அவருக்கு. எஞ்சின் நின்றது. சாரதி பக்கக் கதவை இழுத்துத் திறந்தார்.

சர்ர்ர்... டக்.

தங்கமலரின் விரல் காம்பிலேயே நின்றது. வெளியே எட்டிப் பார்க்கவில்லை. எழுந்தாள். கை தன்பாட்டில் போய்க் குசினிக் கதவின் கொண்டியைப் போட்டது. உள்ளே தலைவர் இருப்பதே அவளுக்கு நினைவில்லை.

“அம்மா, வாங்கோ,” என்றார் வெளியில் சாரதி, மிக மரியாதையாக.

அந்தக் கதவுச் சத்தத்தை அருள்நேசன் நூறு தரம் கேட்டிருக்கிறார். நூறு தரமும் வானுக்குள் இருந்துதான்.

ஜன்னலால் மெல்லிய குரலில் சாரதியிடம் சொன்னார். “தம்பி, கதவைச் சாத்தாதேயும். திறந்தபடியே மெதுவா எடுத்துக்கொண்டு போம். இனி ஒரு வீட்டுக்கும் போகவேண்டாம்.”

வான் போய்க் கன நேரத்துக்குப் பிறகுதான் தங்கமலர் கொண்டியைப் பார்த்தாள். கழற்றினாள்.

“நன்றி கெட்டவள் எண்டு நினைக்காதேங்கோ ஐயா. நாங்கள் வெயிலுக்க நடக்கக் கூடாதெண்டு நீங்கள் அனுப்பின வாகனம். அதை எந்த வாயால குறை சொல்லுறது?”

அருள்நேசன் அடுத்த கொப்பை எடுத்தார். இந்தத் தரம் ஒரு காம்புகூட விழவில்லை.

மத்தியானம் சைக்கிளில் நிலையத்துக்கு வந்தார்.

“இலை முடிஞ்சுதோ?” என்று கேட்டார் பவளராணி.

“முடிஞ்சுது. ஏன் அக்கா முதலே சொல்லேல்லை?”

“சொல்லியிருந்தா அந்தக் கதவுக்கு எண்ணெய் போட்டிட்டு, வானைத் திரும்ப அனுப்பியிருப்பியள்.”

வரும் வழியில் அருள்நேசன் அதையும் யோசித்திருந்தார். வெட்கமாக இருந்தது. இரண்டு கையையும் கூப்பினார். கூப்பிய கைக்குள் பவளராணி ஒரு கோப்பைத் தேத்தண்ணியைச் சொருகிவிட்டார்.

“கும்பிடுறதெண்டா சைக்கிளைக் கும்பிடுங்கோ. ஒரு வருஷமா பிறேக் இல்லை. உங்களைப் பத்திரமா கொண்டந்து சேர்த்திருக்கு.”

அடுத்த வியாழன் வான் நிலையத்து விளாமரத்தடியிலேயே நின்றது. அருள்நேசன் சைக்கிளை எடுத்தார்.

தங்கமலர் குடையோடு தன் வீட்டு வாசல் படலையடியில் நின்றாள். பின்னால் இன்னும் மூன்று பெண்கள், செருப்பைக் கொழுவிக்கொண்டு, நடக்கத் தயாராக.

அவர் இறங்க முதலே அவள் கையைக் காட்டி மறித்தாள்.

“நாங்கள் கதைச்சுக்கொண்டு நடந்து போயிடுவம் ஐயா. அந்தா, வேலிக்கரை வீட்டு யோகமணி இன்னும் படலை திறக்கேல்லை. அவவின்ர முற்றத்திலயும் முருங்கை நிக்குது. ஒருக்கால் அங்க போய் இருங்கோ.”