சூனியக்காரி துடைப்பத்தில் ஏறிய கதை

பூனைக்கும் மனிதருக்கும் ஒரே பேச்சாக இருந்த அந்தக் காலத்தில், காட்டோரத்து ஊற்றுக்குப் பக்கத்தில் சடைச்சி என்றொரு மருத்துவச்சி குடியிருந்தாள். துணைக்கு ஒரு கறுப்புப் பூனை. ஊரில் பாதிப் பேரின் தொப்புள்கொடியை அறுத்தவள் அவள்தான்.

பண்ணையார் ஆவுடையப்பர் அந்த ஊற்றைத் தன் கரும்புக்குத் திருப்ப நினைத்தார். அவளிடம் கேட்டும் பார்த்தார்.

"ஊர் குடிக்கிற தண்ணி ஐயா, அதைக் கொடுக்க நான் யாரு?" என்றாள் சடைச்சி.

அந்தக் கோடையில் மாடுகள் செத்தன. சடைச்சி சூனியம் வைத்துவிட்டாள் என்று பண்ணையார் சொன்னார். எதற்காக வைக்கப்போகிறாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்காமல் இருக்கத்தானே ஊரைப் பழக்கி வைத்திருந்தார் அவர்.

மறுநாள் காலை வீட்டுக்கொரு விறகோடு ஊரே அவள் வாசலில் வந்து நின்றது. முன்னால் பேச்சிமுத்து கொள்ளியும் கையுமாக நின்றான். இத்தனை பேர் சேர்ந்து வந்தால் பிரசவ வலி என்றுதான் அவளுக்குத் தோன்றும்.

"யாருக்குடா வலி?" என்றாள்.

"வலி இல்லை. உன்னைக் கொளுத்த வந்திருக்கோம்."

"என்னையா? போன வாரம்தானே உன் பெண்டாட்டிக்குப் பிள்ளை எடுத்தேன்!"

"ஒண்ணு கேட்டோம், ரெண்டு எடுத்துக் கொடுத்தியே, அது எப்படி?"

சடைச்சிக்குத் தலை சுற்றியது. பூனையிடம் குனிந்து, "ஏ, நான் சூனியக்காரியா?" என்று கேட்டாள்.

"எனக்குத் தெரிஞ்சு இல்லை. ஆனா இத்தனை பேர் சொல்றாங்களே," என்றது பூனை. அதுவும் குழம்பிப்போயிருந்தது.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கொள்ளி வைக்கும் இடத்தில் யாராவது சிரித்துவிட்டால் அந்த நெருப்பு தீட்டு. அணைத்துவிட்டு வீடு திரும்ப வேண்டும். அதனால் எல்லோரும் கன்னத்தை இறுக்கிக்கொண்டு நின்றார்கள். கூட்டத்தில் ஒரு சின்னப் பெண் மட்டும் பயத்தில் அழுதுகொண்டிருந்தாள்.

சடைச்சி அந்த அழுகையைப் பார்த்தாள். வேறு எதையும் யோசிக்கவில்லை. கூம்பாக முடைந்த ஓலைக் கூடையை எடுத்துத் தலையில் கவிழ்த்தாள். துடைப்பத்தைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு, "பறக்கிறேன் பாரு தாயி!" என்று ஒரே தாவாகத் தாவினாள். தாவியவள் ஊற்றுச் சேற்றில் குப்புற விழுந்தாள். "எந்தப் பக்கம் பறக்கணும், சொல்லிட்டுப் பற!" என்று கத்தியபடி பூனையும் பின்னாலேயே விழுந்தது.

சிறுமி களுக்கென்று சிரித்தாள். அவள் அம்மா சிரித்தாள். பேச்சிமுத்து பல்லைக் கடித்துப் பார்த்தான், முடியவில்லை. கொள்ளியைச் சேற்றில் போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

சடைச்சி பிழைத்தாள். எல்லோரையும்விடப் பெரிதாகச் சிரித்தவர் கூட்டத்துக்குப் பின்னால் நின்ற பண்ணையார்தான். அப்போது அது ஏன் என்று அவளுக்கு விளங்கவில்லை.

அன்று மாலையே அவருடைய ஆட்கள் ஊற்றை வெட்டிக் கரும்புக்கு வாய்க்கால் இழுத்தார்கள். சடைச்சி ஊருக்குள் ஓடினாள்.

"ஊத்தை வெட்டுறாங்க! உங்க தண்ணி! வாங்கய்யா!"

"ஆரம்பிச்சுட்டா!" என்றான் பேச்சிமுத்து. "கூடையை மாட்டிக்கிட்டுச் சொல்லு ஆத்தா, அப்பத்தான் நல்லா இருக்கும்."

தெருவே சிரித்தது. அவள் கையைப் பிடித்து இழுத்தாள், சிரித்தார்கள். மண்ணில் புரண்டு அழுதாள், இன்னும் சிரித்தார்கள். காலையில் தன்னைக் கொளுத்த வந்தவர்களும் இப்போது தன்னைக் கொஞ்சுகிறவர்களும் ஒரே ஆட்கள்தானா என்று அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை.

"நான் ஜெயிச்சேனா, தோத்தேனா?" என்று பூனையைக் கேட்டாள்.

பூனை வாயைத் திறந்தது. "மியாவ்" என்று மட்டும் சொன்னது.

அன்று தொடங்கியதுதான். ஹாலோவீன் என்கிற மேல்நாட்டுப் பேய்த் திருவிழாவுக்கென்று குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கிற படங்களில் சூனியக்காரி கூம்புத் தொப்பி போட்டுக்கொண்டு துடைப்பத்திலிருந்து விழுகிறாள், பிள்ளைகள் கைதட்டிச் சிரிக்கிறார்கள். மூச்சிரைக்க ஓடிவந்து அவள் என்னதான் சொல்ல வருகிறாள் என்று மட்டும் இன்றுவரை யாரும் கேட்டதில்லை.