கம்பைலர் பின்னோக்கி நடப்பது ஏன்?

அந்தக் காலத்தில் இயந்திரத்துக்குள் குடியிருந்த எண்களுக்கும் வாய் இருந்தது. காது கொடுத்தால் மனிதருக்கும் கேட்கும். எண்ணுக்கு ஒன்றாகப் பெயர்கள் ஏராளம். தங்குவதற்கு ரெஜிஸ்டர் என்ற அறைகளோ கொஞ்சம்தான். நிரலை இயந்திரத்தின் மொழிக்கு மாற்றித் தரும் கம்பைலர்தான் அறைகளையும் பங்கிட்டது. முதல் வரியில் தொடங்கி முன்னோக்கி நடக்கும். ஒரு பெயருக்குக் கீழே உள்ள வரிகளில் வேலை தென்படாவிட்டால், அது இறந்துவிட்டது என்று முடிவுகட்டி, அதன் அறையை அடுத்த பெயருக்குக் கொடுத்துவிடும்.

அந்தக் கம்பைலரை எழுதியவள் செல்வராணி, கடற்கரை ஊர்க்காரி. அவள் தம்பி இன்னாசியின் படகில் அந்தக் கம்பைலர் மாற்றித் தந்த நிரலில் ஓடும் வழிகாட்டும் பெட்டி ஒன்று இருந்தது. அதற்குள், கரை இருக்கும் இடத்தைக் 'கரை' என்ற எண் வைத்திருந்தது. கடலின் ஆழத்தை 'ஆழம்' என்ற எண் வைத்திருந்தது.

ஒரு முற்பகலில் கடல்மேல் பனி மூடியது. இன்னாசி வயர்லெஸ்ஸில் கூப்பிட்டான். பெட்டி காட்டும் பக்கம்தான் போகிறானாம், கரையைக் காணோமாம், டீசலும் தீரப்போகிறதாம். பிறகு சொன்னான்: "அக்கா, பெட்டிக்குள்ள யாரோ முனகுற மாதிரி இருக்கு."

செல்வராணியின் மேசையில் அதே நிரல் ஓடும் இன்னொரு பெட்டி இருந்தது. அதில் காதை வைத்தாள். கரையின் அறையில் ஆழம் உட்கார்ந்திருந்தது. கரை எங்கே என்று இயந்திரம் கேட்கும்போதெல்லாம் தன்னையே சொல்லிக்கொண்டிருந்தது. படகு ஆழத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

இது உன் அறை இல்லையே என்றாள். இங்கே இருந்தது செத்துப்போனதாகச் சொல்லித்தான் தனக்குத் தந்தார்கள் என்றது ஆழம்.

அதன் காலடியிலிருந்து கரையின் மெல்லிய குரல் வந்தது.

"நான் சாகல தாயி. கடைசி வரியிலயிருந்து நிரலோட பாதை வளைஞ்சு மறுபடியும் மேல போகுதுல்லா, அங்கதான் எனக்கு வேலை. அது திரும்பி வர்றதுக்குள்ள என்மேல ஆள உக்கார வச்சிட்டாங்க."

அவள் கம்பைலரை அழைத்தாள். கடைசி வரியில் நின்று பின்னோக்கி நட, ஒவ்வொரு வரியிலும் யாருக்கு இனி வேலை உண்டென்று பெயர் சொல்லிக் கேள், வளைவு வந்தால் அதன் மறுமுனையிலும் கேள் என்றாள்.

கம்பைலர் தயங்கியது. "பின்னால நடக்கிறது பேய்தானம்மா?"

"ஏல, உயிரோட இருந்தவன நீ புதைச்சிருக்க. இதுல என்ன கூச்சம்?"

கம்பைலர் பின்னோக்கி நடந்தது. முதல் நடையில் கரை பதில் சொன்னது. மறு நடையில் அவள் எதிர்பாராத குரல்களும் எழுந்தன. புதிதாக ஒரு குரலும் எழாத பிறகே அறைகளைப் பங்கிட்டது. மாற்றிய நிரலைச் செல்வராணி காற்றுவழி படகுக்கு அனுப்பினாள்.

"அக்கா, பெட்டியில முள்ளு அப்படியே எதிர்ப்பக்கம் திரும்பிட்டு. நம்பலாமா?"

"நம்பு."

படகு வந்து சேர்ந்தது. வேறு அறைக்குப் போகும்போது ஆழம் கேட்டது: "நான் உக்காந்த மத்த அறைகள்ல, எனக்குக் கீழ யாரு இருந்தாங்க?" அதற்குப் பின் எண்கள் எதுவும் பேசவில்லை.

அன்று முதல்தான், அறை கொடுக்கும் முன் கம்பைலர் கடைசி வரியிலிருந்து பின்னோக்கி நடக்கிறது. இன்னும் உயிரோடு இருப்பவர் எவரும் விடுபடவில்லை என்று தெரியும்வரை மறுபடி மறுபடி நடக்கிறது.