டெஸ்டர்

"நாளையிலேர்ந்து நான் வரலை, தாயி."

சொன்னவர் சங்கரபாண்டி. வயது ஐம்பத்தாறு. வேலை பார்த்த தீப்பெட்டி ஆபீஸை மூடிவிட்ட பிறகு வயரிங் கற்றுக்கொள்ள வந்தவர். மூக்குக்கு மேல் கோபம் வரும்.

குரு பிலோமினாவுக்கு முப்பத்தைந்துதான். ஏணி மேல் நின்றிருந்தாள்.

"என்ன கோவம் அண்ணாச்சி?"

"மூணு வருசமா மெயினை நான்தான் ஆஃப் பண்ணுதேன். ஒரு தடவை தப்பியிருக்கா? இருந்தும் ஒவ்வொரு தடவையும் வயர்ல கரண்ட் இருக்கான்னு டெஸ்டர் வச்சுப் பாக்கே. அதுவும் வீட்டுக்காரங்க முன்னால. என்னை நம்பலைன்னுதானே அர்த்தம்?"

பிலோமினா கையிலிருந்த வேலையைத் தொடர்ந்தாள். இரண்டு வயர்களின் தோலைச் சீவினாள். செம்பைச் சேர்த்து இறுக்கி முறுக்கினாள்.

பிறகு, தான் போட்ட அந்த முறுக்கையே பிடித்து வெடுக்கென்று இழுத்தாள். முறுக்கு விடவில்லை. மறுபடியும் இழுத்தாள். அதன் பிறகுதான் டேப் சுற்றினாள்.

"கேட்டதுக்கு இதுவா பதில்?"

"நாளைக்கு ஒரு நாள் மட்டும் வாங்க. மெயினை நான் ஆஃப் பண்ணுதேன். ஜாயிண்ட் நீங்க போடுங்க."

சங்கரபாண்டி வந்தார். மனதுக்குள் ஒரு கணக்கோடுதான் வந்தார்.

பெரிய வீடு. நடுப்பகல். எந்த விளக்கும் எரியவில்லை, எந்த ஃபேனும் ஓடவில்லை. கூடத்து உத்தரத்தில் இருந்த வயர்ப் பெட்டியிலிருந்து புது ஃபேனுக்கு வயர் இழுக்க வேண்டும்.

பிலோமினா போய் மெயினை ஆஃப் செய்துவிட்டு வந்தாள்.

"ஆஃப் பண்ணியாச்சு அண்ணாச்சி."

அவர் ஏணியில் ஏறிப் பெட்டியைத் திறந்தார். வயரைத் தொடவில்லை.

"சார், கொஞ்சம் இங்க வாங்க" என்று வீட்டுக்காரரைக் கூப்பிட்டார்.

வீட்டுக்காரர் வந்து நின்றதும், சங்கரபாண்டி தன் சட்டைப்பையிலிருந்த டெஸ்டரை எல்லாரும் பார்க்கும்படி உயர்த்தினார். சுத்த வீம்பு. தனக்கு உறைத்தது அவளுக்கும் ஒரு நாள் உறைக்கட்டும் என்ற எண்ணம். வேறொன்றும் இல்லை.

வயரில் வைத்தார்.

டெஸ்டர் சிவப்பாக எரிந்தது.

பிலோமினாவின் முகம் வெளுத்துவிட்டது.

"ஐயையோ" என்றார் வீட்டுக்காரர். "முந்தாநாள் மருமகன் இன்வெர்ட்டர் வாங்கி மாட்டினாரு. பரண்ல பழைய சாமான் பெட்டிகளுக்குப் பின்னால இருக்கு. சொல்ல மறந்தே போயிட்டேன்."

சங்கரபாண்டி ஒவ்வொரு படியாக இறங்கினார். தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பிலோமினா தண்ணீர் கொண்டுவந்தாள்.

"எனக்குத் தெரியாது அண்ணாச்சி. சத்தியமாத் தெரியாது."

"உனக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியாதா தாயி?"

தண்ணீரைக் குடித்தார். எழுந்தார். பரணில் ஏறி இன்வெர்ட்டரைத் தானே அணைத்தார். மெயினையும் இன்னொரு தரம் பார்த்துவிட்டு வந்தார்.

அதற்குள் பிலோமினா ஏணியில் ஏறியிருந்தாள். பெட்டியைப் பார்த்தபடி, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். டெஸ்டரை எடுக்கவில்லை.

"ரெண்டையும் ஆஃப் பண்ணியாச்சு" என்றார்.

அவள் அசையவில்லை.

சங்கரபாண்டி திரும்பி வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"சார், நீங்களும் கிட்ட வந்து பாருங்க."

தன் டெஸ்டரை அவளிடம் நீட்டினார்.

"வச்சுப் பாரு, தாயி."