செல்லாத பூ

மங்களாம்பாவின் மடத்தில் சோணாசலம் சீடராகச் சேர்ந்து பல வருடம் ஆகிறது. வயதில் குருவை விட மூத்தவர். ஆனால் ஒரு முடிவெடுக்கச் சொல்லிவிட்டால் கைக்குழந்தை.

அன்று காலை ஊரிலிருந்து ஆள் வந்திருந்தான். பாகப்பிரிவினைச் சண்டையில் பேச்சை முறித்துக்கொண்ட தம்பி ஏகாம்பரம் படுத்த படுக்கையாம். இனித் தேறமாட்டானாம். "அண்ணனை ஒரு தடவை பாக்கணும்" என்று புலம்புகிறானாம். வந்தவன் மத்தியான பஸ்ஸில் திரும்புகிறான்.

"போகட்டுமா அம்மா?"

"போங்களேன்."

"நான் இறங்கிப் போன மாதிரி ஆயிடுமே."

"அப்ப போகாதீங்க."

"செத்துக்கித்துப் போயிட்டான்னா?"

மங்களாம்பாவுக்குத் தலையை வலித்தது.

கடைசியில் சோணாசலமே ஒரு வழி கண்டுபிடித்தார். சன்னிதியில் பூக்கட்டிப் பார்த்துவிடலாம். சிவப்பு வந்தால் போவது, வெள்ளை வந்தால் இருந்துவிடுவது.

அம்மா உள்ளே போய், இரண்டு பொட்டலங்களை இலையில் மடித்துக் கட்டிக்கொண்டு வந்து அம்பாள் முன்னால் வைத்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்துப் பிரித்தார். வெள்ளை.

"நான் இன்னும் குளிக்கல அம்மா. இது செல்லாது."

குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்து, அம்மா மறுபடி கட்டி வைத்ததில் ஒன்றை எடுத்தார். வெள்ளை.

"ராகுகாலத்துல எடுத்துட்டேன். அது முடியட்டும்."

அதுவும் முடிந்தது. மறுபடியும் வெள்ளை.

"விளக்கு சரியா எரியல போலிருக்கு. இன்னும் ஒரே ஒரு தரம்..."

"போதும்யா! உயிரை வாங்காதீங்க!"

மிச்சமிருந்த பொட்டலத்தை எடுத்து அவர் எதிரிலேயே பிரித்துப் போட்டாள் மங்களாம்பா. அதிலும் வெள்ளை.

"காலையிலேர்ந்து ரெண்டுலயும் வெள்ளைதான் வச்சேன்."

சோணாசலத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "சாமி முன்னாடி ஏமாத்துவீங்களா? போகணும்னு நான் கிடந்து தவிக்கிறேன், நீங்க..."

சொல்லிவிட்டு, தான் சொன்னது காதில் விழுந்தவர் போலச் சட்டென்று நிறுத்தினார்.

வாசலில் ஊர்க்காரன் குரல் கொடுத்தான். "ஐயா, பஸ்ஸுக்கு நேரமாச்சு. வர்றீங்களா, இல்லையா?"

சோணாசலம் பையை எடுத்தார். அப்போதும் மனசு ஆறவில்லை.

"ரெண்டுலயும் சிவப்பை வச்சிருக்கலாமே அம்மா. முதல் தடவையே கிளம்பியிருப்பேனே."

"கிளம்பியிருப்பீங்க. போயி, 'அம்பாள் உத்தரவு, அதான் வந்தேன்'னு அவன் தலைமாட்டுல நின்னிருப்பீங்க. அவன் கூப்பிட்டது அம்பாளை இல்ல."