காசின் மேல் ஒற்றை எழுத்து

அந்தக் காலத்தில் நாரை பேசியது, நண்டு பேசியது, நெருப்பில் காய்ந்து வந்த வெள்ளியும் பேசியது. ஒரு காசை உள்ளங்கையில் வைத்து, "நீ எந்த ஊர்?" என்று கேட்டால் போதும். பிறந்த ஊரைச் சொல்லும். அங்கே போகும் வழியையும் சொல்லும்.

கடலோரத்தில் ஞாழல்துறை என்று ஓர் ஊர் இருந்தது. அங்கே காசு அடித்தவர்கள் எயினியும் அவள் கணவன் சேந்தனும். அச்சு வெட்டுவது எயினி. சம்மட்டி சேந்தன் கையில். துருத்தி ஊதுவது மகள் நங்கை. கல்யாண வயதுப் பெண், பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டாள். வெள்ளி வில்லை தணலில் சிவந்ததும் எயினி அதன் பக்கம் குனிந்து ஊரின் பெயரைச் சொல்வாள். அந்தச் சூடு ஆறுமுன் சேந்தன் அச்சை வைத்து அடிப்பான். கேட்டதெல்லாம் காசுக்குள் தங்கிவிடும்.

பெயரை மட்டும் சொன்னால் எயினிக்கு மனம் நிறையாது. மணல்திட்டுகளுக்கு நடுவே படகு நுழையும் இடம், நல்ல தண்ணீர்க் கிணறு, ஆண்களெல்லாம் முத்துக்குளிக்கப் போய்விடும் மாதம் என்று எல்லாவற்றையும் சொல்வாள்.

"ஏன் அம்மா, ஒரு காசுக்கு இத்தனையும் சொல்ல வேண்டுமா?" என்று நங்கை சிரிப்பாள்.

"கடல் தாண்டிப் போகிற பிள்ளையடி. ஊர் பேர் தெரியாத அநாதையாகவா அனுப்புவேன்?"

அப்படிப் போன காசுகளில் ஒன்று, தூரத்துத் தீவில் ஒரு கொள்ளைக்காரத் தலைவன் கைக்கு வந்தது. அவன் அதைத் துடைத்து, பக்கத்தில் வைத்துக்கொண்டு பிரியமாகக் கேட்டான்.

"உன் ஊர் எப்படி இருக்கும்?"

ஊரைப் பற்றி யாராவது கேட்க மாட்டார்களா என்று ஏங்கிக் கிடந்த காசு அது. ஒன்று விடாமல் சொன்னது.

முத்துக்குளிக்கும் மாதம் வந்தது. ஆண்கள் கடலுக்குப் போனார்கள். எயினியும் சேந்தனும் உலைக்குக் கரி வாங்க மலையடிவாரம் போனார்கள். உலையைப் பார்த்துக்கொள்ள நங்கை வீட்டில் இருந்தாள். கரிமூட்டையோடு திரும்பியவர்கள் ஊருக்கு மேலே புகையைக் கண்டார்கள். ஓடிவந்தபோது கூரைகள் விழுந்திருந்தன. கிழவர்கள் கிணற்றடியில் இறந்து கிடந்தார்கள். இளம்பெண் ஒருத்தியையும் காணவில்லை.

உப்பங்கழிக் கரையில் ஒரு நாரை நின்றது.

"கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்கள்" என்றது நாரை. "உன் மகள் கத்திக்கொண்டே போனாள். கொஞ்ச தூரம் நானும் பறந்து போனேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை."

எயினி உலைக்கூடத்துச் சாம்பலில் உட்கார்ந்தாள். கைக்கு ஏதோ தட்டுப்பட்டது. ஒரு காசு. தலைவன் இடுப்பிலிருந்து விழுந்தது.

"அம்மா, வீட்டுக்கு வந்துவிட்டேன்!" என்றது காசு. "நான்தான் அவர்களுக்கு வழி சொன்னேன். நீ சொன்னபடியே சொன்னேன். சரியாகச் சொன்னேனா?"

சேந்தன் அதைப் பிடுங்கிக் கடலில் எறியப் போனான். எயினி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சரியாகத்தான் சொன்னாய்" என்றாள் காசிடம்.

கடலுக்குப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். அழுதார்கள். அழுதுகொண்டே கூரை வேய்ந்தார்கள். நாடாண்டவன் மறுபடி காசு கேட்டு ஆள் அனுப்பினான். சேந்தன் துருத்தியையும் தானே ஊதினான். வில்லை சிவந்தது. எயினி குனியவில்லை. உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றாள்.

"அடியுங்கள்."

அச்சிலிருந்து வந்த காசு வாய் திறந்து, "அம்மா, நான் எந்த ஊர்?" என்று கேட்டது. அவள் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கேட்டுப் பார்த்துவிட்டு அது அடங்கிப்போனது. அதற்குப் பிறகு வந்த காசுகள் கேட்கவும் இல்லை. செய்தி தெரிந்த மற்ற துறைமுகங்களிலும் காசோடு பேசுவதை விட்டுவிட்டார்கள்.

சேந்தன் ஊமைக் காசைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தான்.

"நம் பெண் எங்கேயோ ஒரு சந்தையில் இதைப் பார்ப்பாள். நாம் உயிரோடு இருக்கிறோம் என்று எப்படித் தெரியும் அவளுக்கு?"

எயினி உளியை எடுத்தாள். அச்சில், அரசன் முகத்துக்குக் கீழே, கடுகளவு இடத்தில், ஊர்ப்பெயரின் முதல் எழுத்தை வெட்டினாள். ஒரு 'ஞா'. அவ்வளவுதான்.

"நம் ஊர்க்காரிக்கு இது போதும். மற்றவனுக்கு வெறும் கீறல். வழி அவளுக்குத் தெரியும்."

ஒவ்வொரு கப்பலிலும் அந்தக் காசு போனது. மற்ற நாட்டு அச்சுக்கூடங்களில் அதைப் பார்த்தவர்கள், காரணம் தெரியாமலே தங்கள் ஊருக்கும் ஓர் எழுத்து வெட்டினார்கள். நங்கை வரவில்லை. சேந்தன் ஒரு மழைக்காலத்தில் இறந்தான். எயினிக்குக் கண் மங்கியது.

அப்போது திரையன் என்ற மாலுமி கரையிறங்கி வந்து அவளிடம் சொன்னான்.

"கீழைக்கடலில் ஒரு சந்தை. நரை விழுந்த ஒரு பெண் நான் நீட்டிய இந்த ஊர்க் காசை வாங்கினாள். அடியில் இருந்த எழுத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். ஏதோ கேட்க வாயெடுத்தாள். அதற்குள் அவளை வேலை வாங்குகிறவன் இழுத்துக்கொண்டு போய்விட்டான்."

"எந்த ஊர், அப்பா அது?"

"எத்தனையோ துறையில் நின்றோம், தாயே. பெயர் ஞாபகம் இல்லை. ஆனால் அங்கே வாங்கிய காசு இருக்கிறது."

கொடுத்தான். யாரோ ஓர் அரசனின் முகம். அதற்குக் கீழே, எயினி கண்டிராத ஒரு சின்ன எழுத்து. அவள் அதைக் காதோடு வைத்துக்கொண்டாள்.

"நீ எந்த ஊர்? சொல்லடா கண்ணு. அம்மா கேட்கிறேன், நீ எந்த ஊர்?"

காசு பேசவில்லை.

அதன் பிறகு எயினி துறையை விட்டு நகரவே இல்லை. கரையிறங்கிய ஒவ்வொருவனிடமும் காசை நீட்டி, இது எந்த ஊர் எழுத்து என்று கேட்டாள். ஆளுக்கு ஓர் ஊரைச் சொன்னார்கள். கேட்டுக்கொண்டே இருந்தவள் ஒருநாள் காசை மூடிய கையோடு இறந்துபோனாள்.

எயினி வில்லையின் பக்கம் குனியாமல் நின்ற அந்த நாள் முதல்தான் காசுகள் வாய் திறப்பதில்லை. வேற்று நாட்டுக் காசு ஒன்று கையில் கிடைத்தால், அதிலுள்ள சின்ன எழுத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, இது எந்த ஊர், எந்த ஊர் என்று மனிதர்கள்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.