செம்மி மழைப்பிசின்

ஆனைமடுக் காட்டின் நடுவே ஒரு மருதமரம். அதன் பொந்தில் உடும்பு ஒன்று பண்டகசாலை நடத்தி வந்தது. வேண்டியதைப் பெயர் சொல்லிக் கேட்டால் போதும், சரக்கு சுமக்கும் குரங்கு ஒன்று அது எந்தக் கடையில் இருந்தாலும் எடுத்து வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கும். ஒரே பெயரில் இரண்டு சரக்கு இருந்தால் புதிதாக வந்ததைத்தான் எடுக்கும். பூச்சுச் சரக்கு என்றால், பழையதைச் சுரண்டி எறிந்துவிட்டுப் புதியதைப் பூசியும் கொடுக்கும். பண்டகசாலை ஒன்றே ஒன்றாக இருந்தவரை இந்த வழக்கத்தால் ஒரு வம்பும் வரவில்லை.

கரியான் என்ற கரடி ஓடைக்கரையில் தனியாக ஒரு கடை போட்டான். அதில் ஒரே சரக்குதான். மரப்பிசினில் மலைத்தேன் குழைத்த பூச்சு. அது அவன் அம்மா செம்மியின் கைப்பக்குவம். மழை பிடித்துக்கொண்டால் செம்மி குகையின் விரிசலை அதை வைத்துத்தான் அடைப்பாள். வெளியே மழை கொட்டும். குட்டிக் கரியான் சுவரை நக்கிக்கொண்டே தூங்கிப்போவான். அம்மா போய் வெகுகாலம் ஆகிவிட்டது. ஆனாலும் முதல் தூறல் விழுந்தால் அந்த இனிப்பு அவன் நாக்கில் ஊறும். அம்மா அதை மழைப்பிசின் என்பாள். கரியானும் அதே பெயரை வைத்தான்.

உடும்பு வந்து பார்த்தது.

"தம்பி, மழைப்பிசின்னு என்கிட்ட ஏற்கெனவே ஒண்ணு இருக்கு. எறும்பு அண்டாம இருக்க வேம்பு அரைச்சுப் போட்ட கசப்புப் பிசின். நீ முன்னால உன் பேரையாவது சேத்துக்கோ."

"எங்கம்மா வச்ச பேரு, அக்கா. அதுல கை வைக்கமாட்டேன்."

"குரங்குக்குப் பேருதான் தெரியும். உள்ள என்ன இருக்குன்னு பாக்காது."

"நல்ல சரக்கு போய்ச் சேந்தா யாருக்கு என்ன நஷ்டம்?" என்று கரியான் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பாசம் கண்ணை மறைக்கும்போது யார் சொல்லித்தான் நாம் கேட்கிறோம்?

மழைக்காலம் நெருங்கியது. பெண் இருவாச்சிப் பறவை மரப்பொந்துக்குள் போய், அலகு நுழையும் அளவு சந்து மட்டும் விட்டு, உடும்பின் கசப்புப் பிசினால் வாசலை அடைத்துக்கொண்டது. குஞ்சு வளரும்வரை அது வெளியே வராது. சிறகு உதிர்ந்திருப்பதால் பறக்கவும் முடியாது. ஆண் இருவாச்சிதான் இரை கொண்டுவந்து ஊட்டும். வாசல் பூச்சு உதிர்வதைக் கண்டு ஆண் இருவாச்சி குரங்கிடம் மழைப்பிசின் கேட்டது. குரங்கு வழக்கப்படி, கரியான் கடையிலிருந்த புதிய சரக்கை எடுத்துப்போனது. கசப்புப் பூச்சைச் சுரண்டி எறிந்துவிட்டுத் தேன் பூச்சை வழித்துப் பூசியது.

மறுநாள் ஆண் இருவாச்சி அலறிக்கொண்டு ஓடைக்கரைக்கு வந்தது.

"அண்ணே, உங்க பிசினுக்கு எறும்பு ஏறிடுச்சு. என் பொண்டாட்டியும் குஞ்சும் உள்ள மாட்டிக்கிட்டாங்க!"

கரியான் விழுந்தடித்து ஓடினான். அடிமரத்திலிருந்து சந்துவரை எறும்புச் சாரை. உள்ளே குஞ்சு வீறிட்டுக் கத்தியது. குட்டிக் கரியானைத் தூங்கவைத்த அதே இனிப்பு இந்தக் குஞ்சின் உயிருக்கு உலை வைத்துவிட்டதே!

மரத்தில் ஏறிச் சந்தில் வாயை வைத்தான். எறும்பு, தேன், பிசின் எல்லாவற்றையும் சேர்த்து உறிஞ்சினான். கடி தாங்காமல் உதடு வீங்கியது. ஒரு எறும்புகூட மிச்சமில்லாமல் உறிஞ்சி முடித்த பிறகுதான் வாயை எடுத்தான். அதற்குள் உடும்பு கசப்புப் பிசினோடு வந்து வாசலை அடைத்தது.

"குஞ்சு இரை கேக்குது" என்று உள்ளேயிருந்து பெண் இருவாச்சியின் குரல் வந்தது. அதைக் கேட்டபிறகே கரியான் கீழே இறங்கினான்.

"அக்கா, அந்தப் பேர எடுத்துடுறேன்."

"எடுக்கச் சொன்னது யாரு? முன்னால ஒண்ணு சேத்துக்கோன்னுதான் சொன்னேன். உங்கம்மா பேரு என்ன?"

"செம்மி" என்றான். அந்தப் பெயரை அவன் வாய்விட்டுச் சொல்லியே பல வருஷம் ஆகியிருந்தது.

முதல் மழை பெய்த அன்று குரங்கு நனைந்துகொண்டே கடைக்கு வந்தது.

"செம்மி மழைப்பிசின் ஒரு உருண்டை குடு. முள்ளம்பன்றி வீட்டுக் குட்டிங்களுக்குச் சுவத்த நக்கணுமாம்."

அம்மாவின் பெயரை இன்னொரு வாய் சொல்லக் கேட்டதும் கரியானுக்குக் கண் நிறைந்துவிட்டது. கேட்டதைவிடப் பெரிய உருண்டையாக எடுத்துக் கொடுத்தான்.

பொதுவில் கொண்டுபோய் வைக்கும் பொருளுக்கு அடையாளமாக நமக்கே உரிய பெயர் ஒன்றையும் சேர்த்து வைக்க வேண்டும்; ஏற்கெனவே இருக்கும் பெயரிலேயே வைத்தால், நம்முடைய நல்ல சரக்கும் பிறருக்குக் கேடாய் முடியும்.