கூட்டிப் பெருக்கிய செண்பகம்

"சாமி, எனக்கு மட்டும் ஏன் கெட்ட மண்ணைக் கொடுத்தீங்க?"

காலைப் பூசை முடிந்த கையோடு பொன்னுரங்கம் ஐயா இப்படிக் கேட்டுவிட்டார்.

கேட்டது தப்பென்று நான் சொல்லமாட்டேன். இந்த மலை மடத்தில் சமையல் என் பொறுப்பு. யாருக்கு மனசு சரியில்லை என்றாலும் பந்தியில் எனக்குத்தான் முதலில் தெரியும். ஐயா கொஞ்ச நாளாகவே சோற்றை அளைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார்.

எங்கள் மடத்தில் ஒரு வழக்கம். துறவு கேட்டு வருகிறவர் காட்டோரத்தில், மடத்தின் தலைவரான சாமி காட்டுகிற இடத்தில், ஒரு செண்பகக் கன்று நட வேண்டும். கன்று அவர் தலைக்கு மேல் வளர்ந்த பிறகுதான் காவி. அதுவரை வெள்ளை வேட்டி.

ஐயா ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டை மகன்களுக்கு எழுதிவைத்துவிட்டு வந்தார். சாமிக்கே அப்பா ஆகிற வயது அவருக்கு. அவர் கன்று இன்னும் இடுப்பைத் தாண்டவில்லை. அவருக்குப் பின்னால் வந்த குழந்தைவேலு பக்கத்திலேயே நட்ட கன்று மளமளவென்று ஏறி, அவன் காவியும் கட்டிவிட்டான்.

அந்தக் குழந்தைவேலு இருக்கிறானே! தின்பான், தன் மரத்தடியில் சருகு மேலேயே துண்டை விரித்துப் படுப்பான். அவன் அதற்கு ஒரு வேலை செய்து நான் பார்த்ததில்லை.

ஐயாவோ விடிந்தால் துடைப்பமும் கையுமாகப் போய்விடுவார். பிளாட்பாரத்தில் ஒரு காகிதம் கிடந்தாலும் பொறுத்துக்கொள்ளாதவர். கன்றடியைக் கோயில் சந்நிதி போல வைத்திருந்தார். ஒரு சருகு அங்கே தங்காது. கூட்டியதைக் கூடையில் அள்ளிவந்து என் அடுப்புக்குக் கொடுத்துவிடுவார்.

அவருக்கு இல்லாத காவி அவனுக்கா என்று எனக்கே வயிறு எரியும்.

ஐயா கேட்டதும் சாமி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தார். நாங்களும் பின்னாலேயே போனோம்.

குழந்தைவேலுவின் மரத்தடியில் சருகைக் காலால் ஒதுக்கினார். அடியில் கறுப்பாக மக்கிக் கிடந்தது. அதற்குள் நூல் நூலாக வேர்கள் மேலேறி வந்திருந்தன. அதையும் விலக்கி, கீழே வெட்டி ஒரு கட்டி எடுத்தார். ஐயாவின் கன்றடியில் ஒதுக்க ஒன்றும் இல்லை. நேராக வெட்டி ஒரு கட்டி எடுத்தார்.

இரண்டையும் ஐயாவின் இரண்டு கையிலும் வைத்தார்.

"இதிலே எது கெட்ட மண்?"

ஐயா உடைத்துப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். இரண்டும் ஒரே சிவப்பு, ஒரே வறட்டு மண்.

"ரெண்டும் ஒண்ணுதான் சாமி."

"மலை முழுக்க இதே மண்தான். இதிலேதான் இவ்வளவு காடும் நிக்குது" என்று சொல்லிவிட்டுச் சாமி கைகால் கழுவப் போய்விட்டார்.

இது ஒரு பதிலா? எனக்கே கோபம் வந்தது. ஐயாவோ, மண்ணில் குறை இல்லை என்றால் குறை தன்னிடமா, இத்தனை வருஷம் குனிந்து கூட்டியதற்கு இதுதான் மரியாதையா என்று பொரிந்து தள்ளினார். சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்புகிறேன் என்றார். எங்கே போவார்? எழுதிக்கொடுத்த வீட்டு வாசலில் போய் நிற்பாரா? சாப்பிட்டுவிட்டு யோசியுங்கள் என்று இலை போட்டு உட்காரவைத்தேன்.

சோறு வைத்தேன், குழம்பு ஊற்றினேன். ஐயா கையை நீட்டுவதற்குள் சாமி வந்து குனிந்தார். சோற்றை மொத்தமாக வழித்துப் பசு மாட்டு வாளியில் போட்டார். ஈரத்துணியால் இலையைத் துடைத்தார்.

எனக்குத் திக்கென்றது. மறுபடி வைத்தேன். மறுபடியும் வழித்தார், துடைத்தார்.

நான் வடித்த சோறு அது. சாமியாக இருந்தால் என்ன, இப்படி ஒரு அக்கிரமத்தை நான் பார்த்ததில்லை. வாயைத் திறக்கப் போனேன். ஐயா முந்திக்கொண்டார்.

"போடப் போட வழிச்சு எடுத்தா நான் எதைத் தின்னு உயிரோட இருக்கிறது?"

சாமி துணியைப் பிழிந்தார்.

"இலை எவ்வளவு சுத்தமா இருக்கு, பாருங்க."

ஐயா இலையைப் பார்த்தார். பிறகு வாசலில் சாத்தி வைத்திருந்த துடைப்பத்தைப் பார்த்தார். அவர் முகத்திலிருந்த கோபம் அப்படியே அடங்கிவிட்டது.

எழுந்து நேராக என் அடுப்படிக்கு வந்தார். காலையில் தானே கொண்டுவந்து வைத்த சருகுக் கூடையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு தன் கன்றைப் பார்க்க நடந்தார்.

நான் மறுபடி சோற்றுப் பாத்திரத்தை எடுத்தேன். இந்தத் தடவை சாமி தடுக்கமாட்டார், வந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று கூப்பிட்டேன்.

"இரும்மா" என்றார், திரும்பாமலே. "அது எனக்கு முன்னாலேருந்து பசியோட நிக்குது."